படித்ததெல்லாம் எங்கே போகிறது?

புத்தகம், பாட்காஸ்ட், சினிமா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த வருஷம் சுயமுன்னேற்றப் புத்தகங்கள் மட்டுமே பதினைந்துக்கு மேல் படித்துவிட்டேன். படிக்கும்போது ‘அட, நமக்கே எழுதியது போல இருக்கிறதே’ என்று தோன்றும். ஒரு மாதம் கழித்து வீட்டில் யாராவது ‘அதில் என்ன சொல்லியிருந்தது?’ என்று கேட்டால் அட்டைப்படம்தான் நினைவுக்கு வருகிறது. என் ஞாபக சக்தியில் கோளாறா?
– வாசகி, பெரம்பூர்

கோளாறு இல்லை. அடிக்கோடு போடுவது, மஞ்சள் மார்க்கர் பூசுவது, பிடித்த பக்கத்தைத் திரும்பப் படிப்பது ஆகிய மூன்றிலும் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. பழகிப்போனதை ‘எனக்குத் தெரியும்’ என்று மனசு கணக்கெழுதிக்கொள்கிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பாடப் பகுதியை இரண்டு தரம் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தரம் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தரம் படித்தவர்கள் முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறியது. படித்து மட்டும் விட்டவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

ஆகவே ஒரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள். ஒரு நோட்டில் அரைப் பக்கத்துக்கு மிகாமல், நினைவில் நிற்கும் மூன்று விஷயங்களை உங்கள் வீட்டுப் பேச்சில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். ஓரத்தில் மூன்று தேதிகள் போடுங்கள்: மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம். அந்தத் தேதி வரும்போது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். வராத விஷயத்துக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு புள்ளி விழுந்தால் அந்த அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் ஆர்வக் கோளாறால். முதல் அத்தியாயத்துக்கு நாலு பக்கம் எழுதுவார்கள், மூன்றாவது அத்தியாயத்தில் நோட்டு மூலைக்குப் போய்விடும். அரைப் பக்கம் என்ற வரம்பை விடவே விடாதீர்கள்.

கடைசி வரியில் செய்யப்போவது என்ன என்று எழுத வேண்டும். ‘இனி பொறுமையாக இருப்பேன்’ என்பது கணக்கில் வராது. ‘ராத்திரி பையன் ஹோம்வொர்க் செய்யும் நேரத்தில் போன் பீரோ மேல் இருக்கும்’ என்பது வரும். அதில் எப்போது, எங்கே, என்ன என்ற மூன்றும் இருக்கின்றன.

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று ஐயர் பெருமையோடு அடுக்குகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனவர் 1887-ல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். உங்கள் நோட்டில் இந்த இடத்துக்கு மூன்று வரி போதும்: யார் கேட்டார், என்ன கேட்டார், ஐயர் அதற்கு என்ன செய்தார். நாலாவது வரி உங்களுடையது. ‘கஷ்டம் என்று நான் தள்ளிப்போட்டுவரும் புத்தகம் எது? வரும் ஞாயிறு காலை அதில் பத்துப் பக்கம்.’

இன்னொன்று. பதினைந்து புத்தகமும் ஒரே வகை என்றால் அவற்றில் பாதி ஒன்றையொன்று திருப்பிச் சொல்லியிருக்கும். அடுத்த வருஷம் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோபம், பணம், வயதான பெற்றோருடன் பேசுவது, எதுவானாலும் சரி. அதற்காக ஒரு வாழ்க்கை வரலாறு, ஒரு நாவல், அந்தத் துறை தெரிந்தவர் எழுதிய ஒரு நூல் என்று மூன்று போதும். உ.வே.சா.வின் நூல் எந்தப் பட்டியலிலும் ‘சுயமுன்னேற்றம்’ என்ற தலைப்பின் கீழ் வராது. ஆனால் ஒரு ஆசிரியரிடம் எப்படிக் கற்றுக்கொள்வது என்பதை அதைவிட விரிவாகச் சொல்லும் தமிழ் நூலைக் காட்டுவது கடினம்.

தாம்பரத்திலிருந்து பீச் வரை தினமும் மின்சார ரயில். பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டே போகிறேன். நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறேன். சரிதானா?
– வாசகர், மேற்கு தாம்பரம்

செய்தி, அரட்டை என்றால் ஒன்றேகால் மடங்கு வேகம் பரவாயில்லை. ஒருவர் படிப்படியாக ஒரு வாதத்தைக் கட்டிக்கொண்டு போகிறார் என்றால் இயல்பான வேகத்தில்தான் கேட்க வேண்டும். அவர் நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில்தான் நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது; வேகத்தைக் கூட்டினால் அந்த இடைவெளியும் சுருங்கிவிடுகிறது.

முதல் நாள் ராத்திரியே வீட்டு வைஃபையில் இரண்டு பகுதிகளை இறக்கிவையுங்கள். வழியில் சிக்னல் போய் நின்றால் கை தானாக வேறு எதையோ திறந்துவிடும். சத்தத்திலும் கவனம் வேண்டும். ரயில் இரைச்சலை அமுக்குவதற்காக வால்யூமைக் கூட்டுவது காதுக்குக் கெடுதல். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒலி கூடக் கூட அந்த நேரம் மளமளவென்று குறையும். காதுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் முனை உள்ள இயர்போன் என்றால் குறைந்த ஒலியிலேயே கேட்கும்.

எழும்பூர் வந்ததும் நிறுத்திவிடுங்கள். பூங்கா, கோட்டை தாண்டி பீச் வருவதற்குள் என்ன கேட்டோம் என்று மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். இறங்கியதும் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே மூன்று வாக்கியத்தில் ஒரு குரல் பதிவு அனுப்பிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

எதைக் கேட்பது என்பதற்கும் ஒரு வழி உண்டு. விருந்தினர் புதிதாகப் புத்தகமோ பயிற்சி வகுப்போ வெளியிட்டிருந்தால் அதே மாதத்தில் அவர் பல நிகழ்ச்சிகளில் அதே நாலு கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒன்றைக் கேட்டால் போதும். தொகுப்பாளர் மறுத்துக் கேள்வி கேட்கும் நிகழ்ச்சியாகப் பார்த்து அந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு புத்தகத்தைப் பாதியில் விடலாமா?
– வாசகி, கொளத்தூர்

தாராளமாக. நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு கணக்கு சொல்கிறார்: 50 பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் விடலாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் 100-லிருந்து தங்கள் வயதைக் கழித்து வரும் பக்கம் வரை படித்தால் போதும். அறுபத்தைந்து வயதுக்காரருக்கு 35 பக்கம். பழந்தமிழ் நூல்களுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். உரையோடு படிக்க முதலில் கை பழக வேண்டும்.

மனதை மாற்றும் படம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். எப்படிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.
– வாசகர், வளசரவாக்கம்

அகிரா குரோசாவாவின் ‘இகிரு’, 1952-ல் வந்த ஜப்பானியப் படம், 143 நிமிடம். நகராட்சி அலுவலகத்தில் முப்பது வருஷம் காகிதத்தில் முத்திரை குத்தியே கழித்த வதனபே என்ற அதிகாரிக்கு வயிற்றுப் புற்றுநோய். சாக்கடை தேங்கும் இடத்தைப் பூங்காவாக்கித் தரும்படி கேட்டு வந்த பெண்களை இந்த அலுவலகம்தான் ஒவ்வொரு மேஜையாக அலையவிட்டது. அதை முடித்துக் கொடுத்துவிட்டுச் சாவது என்று அவர் முடிவெடுக்கிறார்.

இதைச் சொல்வதற்குக் காரணம், ஜெயித்தவர் கதையைக் காட்டும் படங்கள் தரும் உற்சாகம் தியேட்டர் படிக்கட்டோடு போய்விடுகிறது. குரோசாவா அந்த உற்சாகத்தையே படத்துக்குள் வைத்துக் காட்டியிருக்கிறார். வதனபே முடிவெடுத்ததும் படம் சட்டென்று ஐந்து மாதம் தாண்டிப் போகிறது. வதனபே இறந்துவிட்டார். துக்க வீட்டில் சக ஊழியர்கள் குடித்துவிட்டு, அவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று வாதாடுகிறார்கள். கடைசியில் கண்ணீர் விட்டு, நாமும் அவரைப் போல வேலை செய்வோம் என்று சபதம் போடுகிறார்கள். மறுநாள் அலுவலகத்தில் ஒரு மனு வருகிறது. அதை அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் எழுந்து நிற்கிறார். பிறகு அவரும் உட்கார்ந்துவிடுகிறார். வருஷப் பிறப்புத் தீர்மானங்களுக்கு என்ன ஆகிறது என்பது முழுக்க அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

பார்க்கும் முறை: ஒரே அமர்வில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, கூட ஒருவரோடு பாருங்கள். உணவு விடுதி மாடிப்படியில் வதனபே கையில் பொம்மை முயலோடு அவசரமாக இறங்கும் இடம் வரும். மேலே வேறு யாருக்கோ பிறந்தநாள் பாட்டுப் பாடுவார்கள். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, இவர் இனி என்ன செய்வார் என்று ஆளுக்கொரு வரி எழுதிக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு எடுத்துப் பாருங்கள். விமர்சனங்களை மறுநாள் படிக்கலாம். முதலிலேயே படித்தால் அவர்கள் சொன்னதைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள்.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு 30 நாளாகியும் காலையில் எழுந்து படிப்பது பழக்கமாகவில்லை.
– கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

அந்த 21 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழப்பம் தீரும். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய நூலில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாகிறது என்று தன் அனுபவத்தைச் சொன்னார். ‘குறைந்தது’ என்பது வழியில் உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அந்தக் கணக்கு 18 முதல் 254 வரை விரிந்தது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே தொடருங்கள். ஆனால் மணியை நம்பாமல் ஒரு செயலோடு முடிச்சுப் போடுங்கள்: காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் புத்தகம்.

கட்டுரைகளில் ‘ஆய்வு சொல்கிறது’ என்று வந்தால், யார் செய்தது, எத்தனை பேரிடம் என்ற இரண்டு விவரமாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம்.

மாதம் முந்நூறு ரூபாய்க்கு மேல் புத்தகத்துக்கு ஒதுக்க முடியாது.
– வாசகர், வியாசர்பாடி

போதும். கிளை நூலகத்தில் உறுப்பினராகி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அங்கே கிடைக்காதவற்றுக்கு, 1896-ல் திறந்த எழும்பூர் கன்னிமாரா நூலகமும், 2010-ல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. கோட்டூர்புரத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பிரிவு உண்டு. வீட்டில் இடமில்லாதவர்களுக்கு அது பெரிய வரம். காப்புரிமை முடிந்த பழைய தமிழ் நூல்களை ‘மதுரைத் திட்டம்’ 1998 முதல் இலவசமாக வலையேற்றி வருகிறது. மிச்சம் பிடிக்கும் பணத்தை ஜனவரி புத்தகக் காட்சிக்கு வையுங்கள். 10 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும்.

பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது பக்க எண்களைப் புரட்டிப் பாருங்கள். புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்க ஃபாரமாகத் தைக்கப்படுவதால், போனால் ஒரு பக்கமல்ல, 33-லிருந்து 48 வரை மொத்தமாகப் போயிருக்கும். நடைபாதையில் பாதி விலைக்கு விற்கும் புது ஆங்கிலப் புத்தகங்களில் பல திருட்டுப் பதிப்புகள். எழுத்து மங்கியிருந்தால், தாள் பின்பக்கம் தெரிந்தால் வாங்காதீர்கள். எழுதியவருக்கு அதிலிருந்து ஒரு பைசா போகாது.

வருஷக் கடைசியில் ‘இந்த ஆண்டு பிடித்தவை’ என்று நண்பர்களுக்கு ஒரு பட்டியல் அனுப்ப ஆசை. எப்படித் தயாரிப்பது?
– வாசகி, மயிலாப்பூர்

டிசம்பர் மூன்றாவது வாரத்தில் நோட்டைத் திறக்காமல் ஒரு வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்கள்: புத்தகம், கட்டுரை, பாட்காஸ்ட், படம், கலந்தே வரட்டும். மறுநாள் ஒவ்வொன்றின் எதிரிலும் அதனால் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். காரியம் எழுத முடியாதவற்றில் வெறும் சந்தோஷத்துக்காகப் பிடித்தவை சில இருக்கும். அவற்றைத் தனியே வையுங்கள், அவையும் வேண்டும். மற்றவற்றை அடித்துவிடுங்கள். அதன் பிறகு நோட்டைத் திறந்து, நினைவில் வராமல் போன நல்லது ஏதாவது இருந்தால் சேர்க்கலாம். அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: இது யாருக்கு உதவும், எந்தப் பக்கத்திலிருந்து அல்லது எத்தனையாவது நிமிடத்திலிருந்து தொடங்கலாம். நண்பர்கள் உண்மையிலேயே எடுத்துப் படிப்பது அந்த இரண்டாவது வரியால்தான்.