சரக்கு பத்திரமாக வந்த பிறகும் ஜெனரல் ஆவரேஜ் எதற்கு?

"என் கன்டெய்னரில் கீறல்கூட இல்லை. ஆனாலும் ஜெனரல் ஆவரேஜ் என்று பணம் கேட்கிறார்கள். இது நியாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எரிச்சல் புரிகிறது. ஆனால் சட்டம் கப்பல்காரர்கள் பக்கம்தான்.

கப்பலும் சரக்கும் சேர்ந்து ஆபத்தில் மாட்டும்போது, எல்லாவற்றையும் காப்பாற்றுவதற்காகத் தெரிந்தே எதையாவது இழந்தாலோ செலவு செய்தாலோ, அந்தச் சுமையைக் கப்பல்காரரும் சரக்குக்காரர்கள் அனைவரும் அவரவர் பொருளின் மதிப்புக்கேற்பப் பகிர வேண்டும். இதுதான் ஜெனரல் ஆவரேஜ். கப்பல் 80 கோடி, சரக்கு மொத்தம் 20 கோடி, இழப்பு 5 கோடி என்றால், 20 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 1 லட்சம் வரும்.

ரோமானியர்கள் இதை ரோட்ஸ் தீவுச் சட்டம் என்று சொல்லிக் கையாண்டார்கள். 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுக்கச் செய்த 'டைஜெஸ்ட்' என்ற ரோமானியச் சட்ட நூலில் இதற்கென்றே ஒரு தலைப்பு உண்டு. அதிலுள்ள குடைச்சல் கேள்விகள்தான் எனக்குப் பிடித்தவை. முத்தும் மணியும் கப்பலுக்குப் பாரமே இல்லையே, அவற்றுக்கும் பங்கு உண்டா? உண்டு. பயணிகளின் உயிருக்கு விலை போட்டு வசூலிக்கலாமா? கூடாது, சுதந்திர மனிதனின் உடலுக்கு மதிப்பீடு கிடையாது. புயலில் பாய்மரம் தானாக முறிந்தால் அது கப்பல்காரன் பாடு. பொது ஆபத்தைத் தவிர்க்க வெட்டிச் சாய்த்தால் எல்லோர் தலையிலும் விழும்.

இன்று பெரும்பாலும் ஜெனரல் ஆவரேஜுக்கான சர்வதேச விதிகளான யார்க்-ஆண்ட்வெர்ப் விதிகளைத்தான் பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல்காரர் தரும் ஆவணத்தில்) சேர்க்கிறார்கள். அவற்றிலும் அதே பிடிவாதம்தான். கப்பலில் தீப்பிடித்து உங்கள் துணி கருகினால் அது உங்கள் நஷ்டம். தீயை அணைக்க அடித்த தண்ணீரில் பக்கத்துப் பெட்டித் துணி பாழானால் அது எல்லோருடைய நஷ்டம்!

2021 மார்ச்சில் 'எவர் கிவன்' கப்பல் சூயஸ் கால்வாயில் தரைதட்டி ஆறு நாள் வழியை அடைத்தது நினைவிருக்கும். ஏப்ரல் 1 அன்று அதன் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். அதில் இருந்த சுமார் 18,000 கன்டெய்னர்களுக்கு உரியவர்களும் கணக்கில் வந்தார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சரக்குக்கு மரைன் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் இன்றே அவர்களிடம் சொல்லுங்கள். வழக்கமான பாலிசிகளில் இதற்கும் பாதுகாப்பு உண்டு. உங்கள் பங்கைக் கட்டுவதாக உறுதி தரும் ஆவரேஜ் பாண்டில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். அந்தப் பணத்துக்கான உத்தரவாதக் கடிதத்தை இன்சூரன்ஸ் நிறுவனம் தரும். இன்சூரன்ஸ் இல்லையென்றால் ரொக்கமாக டெபாசிட் கட்டினால்தான் சரக்கை விடுவிப்பார்கள். யார் பங்கு எவ்வளவு என்று கணக்கிடும் அட்ஜஸ்டர் இறுதிக் கணக்கு முடிக்க வருடக்கணக்கில் ஆகலாம் என்பதால், டெபாசிட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.