பல்லாவரத்திலும் நீலகிரியிலும் காணப்படும் சார்னோக்கைட் பாறை எப்படி உருவானது?

பூமியின் மேலோட்டில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் உருவான பழம்பாறை இது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைதான், 1893-இல் நிலவியலாளர் டி. எச். ஹாலந்து அதை ஆராய்ந்து எழுதினார்; பாறையின் பெயரும் சார்னாக்கின் பெயரிலிருந்தே வந்தது.

பாறை அவ்வளவு ஆழத்துக்குப் போனது ஏன்? கண்டத் தட்டுகள் மோதும்போது மேலோடு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறித் தடிக்கிறது. அடியில் சிக்கியது வேகிறது. சூளையில் செங்கல் உருகி ஓடுவதில்லை. ஈரம் போய், உள்ளமைப்பே மாறிவிடுகிறது. இங்கும் அப்படித்தான்: நீரைத் தாங்கிய கனிமங்கள் சிதைந்து, ஹைப்பர்ஸ்தீன் போன்ற உலர்ந்த கனிமங்கள் பிறக்கின்றன. புதிதாக உடைத்த துண்டை வெயிலில் திருப்பிப் பாருங்கள், எண்ணெய்ப் பளபளப்போடு கரும்பச்சை தெரியும். அத்தனை அழகு!

நீலகிரியில் இது நடந்தது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன். மதுரைப் பக்கத்துப் பாறைகளோ சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது கடும் வெப்பத்துக்கு உள்ளாயின. பிறகு மேலிருந்த பாறை அரிக்கப்பட்டுப் போக, அடிப்பாறை வெளியே வந்தது.

கருமையைப் பார்த்து இதை எரிமலைக் குழம்பு உறைந்த கல் என்று பலர் நினைக்கிறார்கள். எரிமலைக் குழம்பு தரையில் விரைவாகக் குளிர்வதால் அதன் படிகங்கள் மிக நுண்ணியவை, சார்னோக்கைட்டின் படிகங்களோ வெறும் கண்ணுக்கே தெரியும்.