பலகாரம் அடைக்கும் பிளாஸ்டிக் டப்பாவால் எடை கூடுமா?

டப்பா மட்டுமே உங்களுக்கு எட்டு கிலோ எடை ஏற்றியிருக்காது. காரைக்குடி பலகாரக் கடையில் பலகாரத்தைச் சுடச்சுட டப்பாவில் அடைக்கும் வேலைக்கு வந்தபிறகுதான் ஏறியது, சாப்பாடு மாறவில்லை என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் ருசி பார்க்கும் கைமேல்தான். வாயில் போடும் சீடை, தேன்குழலை ஒரு வாரம் விடாமல் எழுதிப் பாருங்கள். அதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை! அப்புறம் தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை.

பயம் வீண் என்றும் சொல்லமாட்டேன். சில பிளாஸ்டிக்குகளில் சேர்க்கும் பிஸ்பீனால் ஏ, தாலேட் போன்ற ரசாயனங்கள் ஹார்மோன் வேலையில் குறுக்கிடும். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் அதிகம் கசியும். ட்ரைபியூட்டில்டின் என்ற ரசாயனம் கருவிலேயே பட்ட சுண்டெலிகளுக்குக் கொழுப்பு கூடியதை 2006-இல் காட்டினார்கள். மனிதர்களில் இப்படிப்பட்ட ரசாயனங்களுக்கும் எடைக்கும் தொடர்பு தெரிகிறது, அவைதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. பலகாரத்தை ஆறவிட்டு அடையுங்கள், நீங்கள் சாப்பிடக் கொண்டுபோகும் குழம்புக்கு எவர்சில்வர் தூக்கு போதும்.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவும் எடை ஏற்றும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.