அணுக்களைக் குளிரவைத்தால் எல்லாம் ஒரே குவாண்டம் நிலைக்கு வருவது (போஸ்-ஐன்ஸ்டீன் ஒடுக்கம்) எப்படி? ஏன் கட்டியாக உறைந்துவிடுவதில்லை?

"குளிர்ந்தால் ஆற்றல் போய்விடும், அதனால் எல்லா அணுக்களும் அடிமட்ட நிலையில் விழுந்துவிடும்" என்பார்கள். கணக்குப் போட்டால் இது நிற்காது. அணுக்களைக் காந்தப்புலத்தால் பிடித்துவைக்கும் 100 ஹெர்ட்ஸ் பொறியில் அடுத்தடுத்த ஆற்றல் மட்டங்களின் இடைவெளி, வெப்பநிலையாகச் சொன்னால், சுமார் 5 நானோகெல்வின். அதில் 10 லட்சம் ருபிடியம்-87 அணுக்கள் இருந்தால் 450 நானோகெல்வினிலேயே ஒடுக்கம் தொடங்கிவிடும். மூன்று திசைகளையும் சேர்த்தால், அப்போது ஓர் அணு எட்டக்கூடிய குவாண்டம் நிலைகள் லட்சத்துக்கும் மேல் இருக்கும். இருந்தும் கூட்டம் அடிமட்டத்தில்தான் சேர்கிறது.

காரணம், இவை போஸான்கள், அதாவது ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் சேரக்கூடியவை. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியாத போஸான்களில், குறிப்பிட்ட வெப்பநிலையில் மேல்மட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஓர் எல்லை வரைதான் அணுக்களை ஏற்கும். மிஞ்சியவை அடிமட்டத்துக்குத்தான் போகவேண்டும். ஒடுக்கம் தொடங்கும் வெப்பநிலையில் பாதிக்கு இறக்கினால் சுமார் 87 சதவீதம் அங்கே வந்துவிடும். அணுவின் குவாண்டம் அலைநீளம் (குளிரக் குளிர நீளும்) அணுக்களுக்கிடையே உள்ள தூரத்தை எட்டவேண்டும் என்பதும் இதே நிபந்தனைதான். ருபிடியத்துக்கு அறை வெப்பநிலையில் அந்த அலைநீளம் 0.01 நானோமீட்டர், 1 மைக்ரோகெல்வினில் 190 நானோமீட்டர். ஆகவே குளிர்ச்சி மட்டும் போதாது, அடர்த்தியும் வேண்டும்.

செய்முறையில் முதல் கட்டம் 780 நானோமீட்டர் லேசரால் குளிரவைப்பது. கூடவே இன்னொரு லேசரும் வேண்டும். அது இல்லையென்றால் அணுக்கள் முதல் லேசருக்கு எட்டாத கீழ் ஹைப்பர்ஃபைன் நிலைக்கு (அடிநிலையின் நுண்ணிய உட்பிரிவு) நழுவி, பொறி நொடியில் காலியாகும். லேசர் சில பத்து மைக்ரோகெல்வின் வரை கொண்டுவரும். அதற்கும் கீழே போக முயன்றால், அணு உமிழும் ஒளியே பக்கத்து அணுவை உதைத்துச் சூடாக்கும்.

மீதி வேலை ஆவியாக்கம். லேசரை அணைத்து, காந்தப் பொறியில் ரேடியோ அலையால் வேகமான அணுக்களை மட்டும் வெளியேற்றுவோம். மிச்சமுள்ளவை மோதி, தாழ்ந்த வெப்பநிலையில் சமநிலைக்கு வரும். தோல்விகள் பெரும்பாலும் இங்கேதான். குளிரக் குளிர அந்த ரேடியோ அலையின் அதிர்வெண்ணை இறக்கிக்கொண்டே போகவேண்டும்; அவசரமாக இறக்கினால் மோத நேரம் இருக்காது, அணுக்கள் வீணாகும். மெதுவாக இறக்கினால் வெற்றிடத்தில் எஞ்சிய வாயு அடித்துக்கொண்டு போகும் (10⁻¹¹ டார் அழுத்த அளவுக்கு வெற்றிடம் கேட்பது இதற்குத்தான்). அணு எண்ணிக்கை பத்தில் ஒன்றாகும்போது கட்டவெளி அடர்த்தி (குளிர்ச்சியையும் நெருக்கத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவு) நூறு மடங்காவது ஏறவேண்டும். ஏறவில்லையா? முதலில் தொடக்க மோதல் வீதத்தைப் பாருங்கள்.

இன்னொரு ஓட்டை: நான்முனைப் பொறி என்ற வகைக் காந்தப் பொறியின் நடுவில் காந்தப்புலம் பூஜ்யம். அங்கே அதிகம் தங்குவது குளிர்ந்த அணுக்கள்தான். அவையே சுழல் (ஸ்பின்) திசை புரண்டு, பொறியின் பிடியிலிருந்து தப்பிவிடும். 1995இல் இயற்பியலாளர்கள் கார்னெலும் வீமனும் சுழலும் புலத்தால் அந்தப் பூஜ்யத்தை நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு இயற்பியலாளர் கெட்டர்லே சோடியத்தில் லேசர் கற்றையால் அதை அடைத்தார்.

சரி, ஏன் உறைவதில்லை? இரண்டு அணுக்கள் பிணைய, மிஞ்சும் ஆற்றலை எடுத்துப்போக மூன்றாவது அணு வேண்டும். கன சென்டிமீட்டருக்கு 10¹⁴ அணுக்கள் என்பது காற்றைவிட லட்சம் மடங்குக்கும் மேல் நீர்த்தது. மும்மோதல் அங்கே அரிது. எனவே சில நொடிகள் கிடைக்கும், அவ்வளவுதான். கடைசியில் அதிகமாக நெருக்கினால் இந்த இழப்பே மேகத்தைத் தின்றுவிடும்.

ஒடுக்கம் வந்ததா என்று பார்க்க, பொறியை அணைத்து 20 மில்லிநொடி விரியவிட்டு நிழற்படம் எடுங்கள். சாதாரண மேகம் வட்டமாக விரியும். ஒடுங்கிய பகுதி நீள்வட்டம். பொறியில் இறுக்கமாக இருந்த திசையில்தான் அது அதிகம் விரியும். நடுவில் வெறும் கூர்மை தெரிந்தால் நம்பவேண்டாம்.