நோர்வல் மொரிசோவின் கறுப்புக் கோடுகள்: வாசகர் கேள்வி – பதில்

கனடாவின் அனிஷினாபே என்ற பழங்குடியைச் சேர்ந்த ஓவியர் நோர்வல் மொரிசோவைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் ஓவியப் பகுதியினரின் பதில்கள்.

மொரிசோவின் படங்களில் விலங்கின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் தெரிகிறது. உடம்பிலிருந்து கோடுகள் கிளம்பி வெளியே ஓடுகின்றன. இவற்றை எப்படிப் பார்க்க வேண்டும்? – வாசகி, கும்பகோணம்

கறுப்புக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். தடித்த புறக்கோட்டுக்குள் எலும்பு, இதயம், கருவிலிருக்கும் குட்டி என்று உயிர் குடியிருக்கும் இடங்களைத் திறந்து காட்டுவார். வெளியே ஓடும் மெல்லிய கோட்டை விரலால் தொடர்ந்து போனால் அது இன்னொரு உருவத்தின் வாயிலோ தலையிலோ போய் முடியும். அந்த இரண்டுக்கும் உறவு உண்டு, ஒன்றின் சக்தி மற்றொன்றுக்குப் போகிறது என்று பொருள். நடுவில் கோடு கிழித்த வட்டம் பகல்–இரவு, வானம்–பூமி போன்ற இரட்டைகளைக் குறிக்கும்.

இந்த மொழி அவருக்கு முன்னோரிடமிருந்து வந்தது. மிடேவிவின் என்ற மருத்துவச் சபையார் பிர்ச் மரப்பட்டைச் சுருள்களில் கீறிவைத்த உருவங்கள் ஒரு மூலம். சுப்பீரியர் ஏரிக்கரையில் அகாவா பாறையில் செங்காவியால் வரைந்த உருவங்கள் போன்ற பாறை ஓவியங்கள் இன்னொரு மூலம். கொம்பும் முதுகில் முள்வரிசையும் கொண்ட மிஷிபேஷு என்ற நீர்ச்சிறுத்தையை அகாவாவில் இன்றும் பார்க்கலாம். அங்கே தொடுவானமும் நிழலும் இல்லை. மொரிசோவிடமும் பெரும்பாலும் இல்லை. தொடக்க காலப் படங்களில் மண் நிறங்கள்தான் அதிகம். 1976-இல் எக்கன்கார் ஆன்மிக இயக்கத்தில் சேர்ந்த பிறகு நிறங்கள் கொழுந்துவிட்டு எரிகின்றன. ஆறு பலகைகளில் ஒரு மனிதன் படிப்படியாக இடிப்பறவையாக (இடியை எழுப்புவதாக அம்மக்கள் நம்பும் தெய்வப் பறவை) மாறும் 1977-ஆம் ஆண்டுப் படைப்பில் இதை நன்றாகக் காணலாம்.

ஓவியம்தான் அவரைக் குணப்படுத்தியது என்று படித்தேன். உண்மையா? – வாசகர், மதுரை

பாதி உண்மை. குலவழக்கப்படி அவரை வளர்த்தவர்கள் தாய்வழித் தாத்தாவும் பாட்டியும். தாத்தா மோசஸ் நானகோனாகோஸ் சடங்கறிந்த ஷாமன் (ஆவியுலகோடு தொடர்புகொள்ளும் பூசாரி), பாட்டி கத்தோலிக்கர். குலக்கதைகள் தாத்தாவிடமிருந்து வந்தவை. கிறிஸ்துவையும் புனிதர்களையும் மொரிசோ வரைந்ததற்கு வேர் பாட்டியின் பக்கம் இருக்கிறது. ஆறு வயதில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு அங்கே கொடுமைகளை அனுபவித்தார். 19 வயதில் கடும் நோயில் விழுந்தபோது, பாரம்பரிய மருத்துவம் அறிந்த ஒரு பெண்மணி சடங்கு செய்து அவருக்கு ‘செப்பு இடிப்பறவை’ என்று பெயர் சூட்டினார். வலுவான பெயர் உயிரைப் பிடித்து நிறுத்தும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அவர் பிழைத்தார். அந்தப் பெயரைத்தான் கிரீ என்ற பழங்குடி மொழியின் எழுத்துகளில் கையெழுத்தாகப் போட்டார். எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர் மனைவி ஹாரியட்.

ஆனால் மதுப்பழக்கம் அவரைப் பல்லாண்டு வதைத்தது. ஓவியம் எல்லாவற்றையும் ஆற்றிவிட்டது என்று எழுதுவது அந்த வேதனையை மறைப்பதாகும். வெளியாருக்குக் காட்டக்கூடாத கதைகளை வரைகிறார் என்று பெரியவர்கள் சிலர் எதிர்த்தார்கள். அதையும் மீறி வரைந்தார். 1962-இல் டொராண்டோவில் ஜாக் பொல்லாக்கின் காட்சிக்கூடத்தில் நடந்த முதல் கண்காட்சியில் எல்லாப் படங்களும் விற்றுப்போயின.

என் மாணவர்களை இந்தப் பாணியில் வரையச் சொல்லலாமா? முயன்றபோது கறுப்புக் கோடு பிசிறடித்தது. – ஓவிய ஆசிரியை, திருச்சி

கோட்டின் வேலையைக் கற்கலாம்; இடிப்பறவை, மிஷிபேஷு, சடங்குச் சுருள் உருவங்களை எடுக்கக்கூடாது. பிள்ளைகள் தங்கள் வீட்டு ஆடு, வேப்பமரம், பாட்டி என்று வரையட்டும்.

பிசிறுக்குக் காரணம் பெரும்பாலும் அடிப்பூச்சு பூசாத காகிதம் அல்லது காயாத அடிநிறம். கெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு முறை பூசுங்கள். பென்சில் கரி மஞ்சளை அழுக்காக்கும், ஆகவே வெளிர்நிறச் சாக்கட்டியால் குறியுங்கள். அக்ரிலிக் நிறத்தை இரண்டு மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றுக்கும் அரைமணி காயவிட்டு நிரப்புங்கள். மஞ்சளுக்கு அடியில் வெள்ளை தேவை. இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகத் தெரியும். கறுப்பைக் கடைசியில் மோர்ப் பதத்துக்குக் கரைத்து, மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் கோடு அறுந்துபோகும். 45 × 60 செ.மீ. படத்துக்குப் புறக்கோடு 8 மி.மீ., உட்கோடு 3 மி.மீ. போதும்.

இங்கே ஒருவர் மொரிசோ படம் ஒன்றை மலிவாகத் தருகிறார். வாங்கலாமா? – வாசகர், ஸ்காபரோ

அவசரப்படாதீர்கள். 2023 மார்ச்சில் ஒன்டாரியோ போலீசார் போலிப் படங்கள் தொடர்பாக எட்டுப் பேரைக் கைது செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் பறிமுதலாயின. சர்ச்சைக்குள்ளான பல படங்களின் பின்பக்கத்தில் பெயர், தலைப்பு, தேதி எல்லாம் உலர்ந்த தூரிகையால் கறுப்பில் எழுதப்பட்டிருந்தன. அப்படி எழுத்து இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. முன்பக்கத்துக் கிரீ கையெழுத்தையும் யாரும் பார்த்து எழுதிவிடலாம், அது மட்டும் போதாது. விற்பவரே தரும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. முதலில் விற்ற காட்சிக்கூடத்தின் ரசீது, பழைய கண்காட்சிப் பட்டியல், கைமாறிய வரிசை ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். இடையில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தாலும் விட்டுவிடுங்கள். உண்மையான படங்களைப் பார்க்க வேண்டுமானால் கிளைன்பர்க்கில் மெக்மைக்கேல் காட்சிக்கூடம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. எவை காட்சியில் உள்ளன என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.