டிபன் வண்டியின் 12 வோல்ட் ஹாலஜன் பல்புகளை எல்இடிக்கு மாற்றலாமா?

காட்பாடியில் டிபன் வண்டி வைத்திருப்பவர் கேட்டிருக்கிறார்: 20 வாட் ஹாலஜன் பல்பு 6 எரிகிறது, இரவு பத்துக்குள் பேட்டரி படுத்துவிடுகிறது, எல்இடி மாற்றினால் சரியாகுமா?

கண்டிப்பாக மாற்றுங்கள். கணக்கைப் பாருங்கள்: 120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். நாலு மணி நேரத்துக்கு 40 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய பேட்டரிக் கணக்கு) காலி. அதே வெளிச்சத்துக்கு 3 வாட் எல்இடி ஆறு போதும். மொத்தம் 18 வாட், அதே நாலு மணி நேரத்துக்கு 6 ஆம்பியர்-அவர்தான்.

ஆனால் வாங்கும்போது கவனம். பேட்டரி எப்போதும் 12 வோல்ட்டிலேயே நிற்காது. சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். நான் முதலில் வாங்கிய மலிவு பல்புகள் வண்டி ஓடும்போதே ஒவ்வொன்றாகச் சிமிட்டிச் செத்தன. கழற்றிப் பார்த்தால் மஞ்சள் சில்லு ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்புப் புள்ளி! அதனால் அட்டையில் 10–30 வோல்ட் என்று போட்டிருப்பதையே கேட்டு வாங்குங்கள். படகில் மாட்டுகிறவர்களுக்கும் இதே விதிதான்.

எரியவில்லையா? திருப்பிச் செருகுங்கள், சிலவற்றுக்கு பிளஸ், மைனஸ் உண்டு. ஹாலஜன் சூட்டில் பழுப்பேறி இளகிய ஹோல்டரையும் மாற்றிவிடுங்கள்.

எல்இடிக்குச் சூடு ஆகாது, வேலூர் வெயில் தெரியும்தானே? கல்லுக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். அப்புறம் நிறம்: 3000 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் வெளிச்சம் தருவதை எடுங்கள். வெள்ளை வெளிச்சத்தில் நல்ல தோசைகூட வெளிறித் தெரியும்.