கோஹனை எந்தப் பக்கம் பிடிப்பது?

அமெரிக்க மேடைக் கலைஞர் ஜார்ஜ் எம். கோஹன் பற்றிக் கல்லூரியில் பத்து நிமிடம் பேச வேண்டும், நடிகர், பாடலாசிரியர், தயாரிப்பாளர் என எல்லாமாக இருந்தவரை எங்கிருந்து தொடங்குவது, பிறந்த நாளே இரண்டு விதமாக இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். ஞானஸ்நானப் பதிவில் 1878 ஜூலை 3. வீட்டில் சொல்லி வந்தது ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாள். இரண்டையும் சொல்லியே தொடங்குங்கள்.

அப்புறம் பட்டியல் வேண்டாம். 1904-இல் வந்த 'லிட்டில் ஜானி ஜோன்ஸ்' என்ற இசை நாடகம் ஒன்றே போதும், கதை, பாட்டு, நாயகன் எல்லாம் அவரே. பழி சுமந்த குதிரைப் பந்தய வீரன் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் நிற்கிறான், குற்றமற்றவன் என்று சான்று கிடைத்தால் தூரத்துக் கப்பலிலிருந்து வாணம் கிளம்பும், கிளம்பியதும் ஆடிப் பாடுகிறான். இந்தக் காட்சியை நிதானமாக விரித்துச் சொல்லுங்கள், எழுதியவரும் ஆடியவரும் ஒருவரே என்பது அங்கேதான் புரியும்.

1919 நடிகர் வேலைநிறுத்தத்தையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சிறுவயதிலிருந்து பெற்றோர், அக்காவோடு மேடையேறி வளர்ந்தவர், அன்று நாடக முதலாளிகள் பக்கம் நின்றார், நடிகர் சங்கம் வென்றது. எனக்கு இன்றும் வருத்தம் தருகிற இடம் அது. 1959-இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் அவருக்கு வைத்த சிலையை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.